மூலம் என்று சொல்லிக்கொண்டு திரிகிற வலி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தன்பாலீர்ப்பு ஆண். நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்கிறவனுக்கு ஆசனவாயில் வலி என்றால் இந்த ஊரில் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. “சூட்டு உடம்பு சாமி, மூலமாக இருக்கும். மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக்கொள்” என்றார் அம்மா. உடலுறவின்போதுதான் வலிக்கிறது என்பதை யாரிடமும் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம். எங்களில் பலர் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வட்டத்தில் இதற்கு நியாயம் வேறு கற்பிக்கிறார்கள். கோத்தி, அதாவது உறவில் ஏற்கும் பக்கம் இருக்கிறவன், என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். வலியைக் காட்டினால் பந்தி, அதாவது அவனோடு உறவு கொள்ளும் ஆண் துணை, விட்டுப் போய்விடுவானாம். மூத்தவர்கள் இளையவர்களுக்கு இதைப் புத்திமதியாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களோடு உறவு கொள்ளும் 404 ஆண்களில் சுமார் 14 சதவீதம் பேர் அடிக்கடி கடும் வலிக்கு ஆளாவதாகத் தெரிந்தது. வலிக்குப் பயந்து சில காலம் உறவையே தவிர்த்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். மருத்துவம் இதை ஒரு பிரச்சினையாக எடுத்துப் படித்திருக்கிறது. நாம்தான் விதி என்று விட்டுவிட்டோம்.

ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் உள்ளன. வெளித்தசை நம் சொல் கேட்கும், உள்தசை கேட்காது. பயமும் அவசரமும் அவற்றை இறுக்கிவிடும். வீட்டு ஓனர் மாடிப்படி ஏறும் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் இருக்கிறவனுக்குத் தசை எப்படித் தளரும்? அந்த இடத்தில் இயல்பாக வழவழப்பும் சுரப்பதில்லை. கையில் கிடைக்கிற தேங்காய் எண்ணெயைத் தடவினால் லேடெக்ஸ் காண்டம் பலவீனமாகிக் கிழியும்; நீர் சார்ந்த ஜெல்தான் வேண்டும், மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். மூலத்துக்கு விற்கிற மரத்துப்போகும் களிம்பைப் பூசிக்கொள்கிறவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். நிறுத்து என்று உடம்பு சொல்வதே வலிதான். அது தெரியாமல் போனால் காயம் ஆழமாகும்.

கோவையில் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம், நான் ஆண்களோடு உறவு கொள்கிறவன் என்று சொல்லிவிட்டுத்தான் வலியைச் சொன்னேன். அம்மையார் முகம் மாறவில்லை. மூலம் இல்லை, நாள்பட்ட வெடிப்பு என்றார். வெடிப்பு வலித்தால் உள்தசை இறுகும், இறுகினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், குறைந்தால் வெடிப்பு ஆறாது. அந்தச் சுழற்சியை உடைக்கத் தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் களிம்பு, வெதுவெதுப்பான நீரில் உட்காருவது, நிறையத் தண்ணீர், நார்ச்சத்து. ஆறும்வரை உறவு வேண்டாம் என்றார். கம்பங்கூழும் கீரையும் அப்போதுதான் எனக்கு அன்றாடச் சாப்பாடு ஆயின.

கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகளின் சோதனைக்கு ஆசனவாயிலிருந்தே மாதிரி எடுத்தார். அங்கே இருக்கும் தொற்று சிறுநீர்ச் சோதனையில் அகப்படாமல் போகலாம்; பல நேரம் அறிகுறியே இருக்காது. நான் உண்மையைச் சொல்லியிராவிட்டால் அந்தச் சோதனையே நடந்திருக்காது. எல்லா மருத்துவரும் இவரைப் போல் இல்லை என்பதும் தெரியும். என் நண்பர் ஒருவரிடம், “கல்யாணம் செய்துகொள், சரியாகிவிடும்” என்று ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது. அப்படிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு மருத்துவர் இருக்கிறார்.

எனக்கு அதிகக் கவலை மணமான இருபாலீர்ப்பு ஆண்களைப் பற்றித்தான். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் நண்பர் ஒருவருக்கு வலியோடு சளிபோல் ஒழுக்கும் இருக்கிறது. வீட்டில் தெரிந்துவிடும் என்று எங்கும் போகவில்லை. மனைவி கர்ப்பமாக இருக்கிறார். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தால் அது மனைவிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் பரவக்கூடும், பெனிசிலின் ஊசியில் குணமாகிற நோய் அது என்று எடுத்துச் சொன்னேன். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். எச்ஐவி உதவி எண்ணான 1097-ஐ அழைத்தால் விவரம் சொல்வார்கள். ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. தெரிந்த முகங்கள் இல்லாத ஈரோட்டுக்குப் போகலாம் மாப்பிள்ளை, நானும் கூட வருகிறேன் என்றேன். தறிக்கு ஆள் போட்டுவிட்டு இந்த வாரமே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.