ஹோம் மாறுவதற்கு முன் ஒர்க்புக்கைக் கையில் வாங்கிவிடுங்கள்

இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமிலிருந்து இன்னொன்றுக்கு மாறப்போகிறவர்களுக்காக இது. நான் மாறியபோது இன்டர்வியூ, டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை), ரெஃபரன்ஸ் எல்லாம் மளமளவென்று முடிந்தது. இழுத்தடித்தது கேர் சர்டிபிகேட்தான், அதாவது பராமரிப்பு வேலைக்கான அடிப்படைப் பயிற்சி.

பழைய ஹோமில் அதன் 15 ஸ்டாண்டர்டும் (பாடப் பகுதிகள்) முடித்துச் சான்றிதழ் வைத்திருந்தேன். (2025 மார்ச்சில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் தனி ஸ்டாண்டர்டாகி இப்போது 16.) புது ஹோமில் டிரெய்னிங் பார்ப்பவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஒர்க்புக் எங்கே?" என்றார். ஆன்லைனில் வீடியோ பார்த்து டிக் அடிப்பது பாதிதான். நாம் வேலை செய்வதை அசெஸர் (மதிப்பிடுபவர்) பக்கத்தில் நின்று பார்த்து ஒர்க்புக்கில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கங்கள் பழைய ஹோம் அலமாரியில்!

போன் செய்தால் மேனேஜர் லீவு. மெயிலுக்குப் பதில் இல்லை. லீவு நாளில் பஸ் ஏறி நேரில் போனால், "அசெஸர் வேலையை விட்டுட்டாங்க, ஃபைல் எங்கேன்னு தெரியலை" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

வேறு வழியில்லை, செய்முறை மொத்தமும் மறுபடி. ஆளைத் தூக்கி மாற்றும் ஹாய்ஸ்ட், ஸ்லிங் எல்லாம் பிரச்சினையில்லை. விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் பானம் கெட்டியாக்குவதில்தான் திடுக்கிட்டேன். அவருக்கு எழுதியிருந்த கெட்டி அளவு லெவல் 2; எண் கூடினால் கெட்டியும் கூடும். பழைய இடத்தில் சொல்லிக்கொடுத்தபடி பவுடரைக் குவியலாக அள்ளிக் கலக்கினேன். அசெஸர் 10 மில்லி சிரிஞ்சில் அதை நிரப்பி, முனையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, 10 விநாடி எண்ணினார். 4 முதல் 8 மில்லி வரை மிஞ்சினால் லெவல் 2. எனக்கு 9 நின்றது. அது லெவல் 3. கரண்டியில் ஒட்டினால் போதும் என்று எத்தனை பேருக்குக் கொடுத்திருப்போமோ!

எழுதும் பகுதியை "வீட்டில் முடித்து வாருங்கள்" என்றார்கள். முதலாளி செய்யச் சொல்லும் டிரெய்னிங் நேரம் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் வேலை நேரம்தான் என்று மெயிலில் கேட்டேன். மறுவாரம் அந்த நேரம் ரோட்டாவில் (ஷிஃப்ட் அட்டவணையில்) ஏறியது.

பழைய ஹோமையும் விடவில்லை. என்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்டு சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தந்தாக வேண்டும். காணாமல் போன ஃபைல் ஸ்கேனாகி வந்துவிட்டது! உணவு, பானம் பற்றிய 8ஆம் ஸ்டாண்டர்டில் தேதி மட்டும் இருந்தது, அசெஸர் கையெழுத்தே இல்லை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்தான அன்றே காப்பி கேட்டு வாங்கிவிடுகிறேன். ரெசிடென்ட் பெயர் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேறு வம்பு.