ஏற்றம் இலவசம், டிக்கிக்கு அறுநூறு

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குப் பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆம்னி பேருந்தின் டிக்கியிலிருந்து என் சைக்கிளை வெளியே இழுத்தபோது, அதன்மேல் இரண்டு அரிசி மூட்டைகளும், யாருடைய கல்யாண மேடைக்கோ போகும் விளக்குகள் அடங்கிய ஓர் இரும்புப் பெட்டியும் படுத்திருந்தன. ஏலகிரிக்குப் போய்வந்த கதையை ரயில், தங்குமிடம், செலவு என்று அடுத்து வருபவர்களுக்குப் பயன்படும்படி வரிசையாக எழுதுவதாக நண்பரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த மூட்டைகளைப் பார்த்த பிறகு வரிசை எதுவும் நினைவில் நிற்கவில்லை. இருந்தாலும் முயல்கிறேன்.

சென்னையில் சைக்கிள் ஓட்டுபவனுக்கு மலை என்பது கேள்விப்பட்ட சொல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் முட்டுக்காடு வரை போய்த் திரும்பும் எங்களுக்கு எதிர்க்காற்றுதான் ஏற்றம். உண்மையான சரிவு வேண்டுமென்றால் பரங்கிமலைக்குத்தான் போக வேண்டும். அதுவும் ஏறக்குறைய முந்நூறு அடிதான். 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும்பணியின் அடிக்கோட்டை இந்த மலையருகில்தான் போட்டார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும். அவர் அங்கிருந்து இமயம்வரை அளக்கும் வேலையைத் தொடங்கி வைத்தார். நானோ இரண்டு மாதமாக அதே மலையில் ஒரு காலைக்கு எட்டு முறை ஏறி இறங்கி, என் தொடையின் எல்லையை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். தேவாலயத்துக்கு வரும் ஒரு பாட்டி, "என்ன வேண்டுதல் தம்பி?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

பயிற்சியைவிடப் பெரிய விவாதம் கியரைப் பற்றியது. என் வண்டியின் முன்பக்கச் சிறிய செயின்ரிங்கில், அதாவது மிதியோடு சுற்றும் பல்சக்கரத்தில், 34 பற்கள். பின்பக்கக் கேசட் என்ற பல்சக்கர அடுக்கின் பெரிய சக்கரத்தில் 28 பற்கள். சமதளத்தில் இது போதும். ஆனால் மலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிடத்துக்கு அறுபது சுற்று மட்டுமே மிதிக்க முடிகிற நிலையில் இந்தக் கியர் மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர் வேகத்தைக் கேட்கும். அதைக் கொடுக்க முடியாதவன் மிதியின்மேல் எழுந்து நின்று மாரடிக்க வேண்டும். பின்னாலும் 34 பற்கள் இருந்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்று என்ற கணக்காகி, அதே அறுபது சுற்றுக்கு எட்டு கிலோமீட்டர் வேகம் போதும். கேட்பதற்குச் சிறிய வித்தியாசம்தான், முழங்காலுக்கு அது பெரிய வித்தியாசம். கேசட்டை மாற்றினால் செயினையும் நீளமாக்க வேண்டும், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றித் தள்ளும் பழைய டீரெய்லர் அத்தனை பெரிய பல்லை ஏற்காது, அதையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் அடுக்கிக்கொண்டே போனதில் பயணச் செலவைவிட அதிகமான தொகை கடையிலேயே கரைந்தது. என்னோடு வந்த நண்பர் மாற்றவில்லை. அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர்; பத்து கிலோ எடையும் குறைவு.

போகும்போது ஏலகிரி எக்ஸ்பிரஸ். சென்ட்ரலில் மாலையில் ஏறினால் இரவு ஜோலார்பேட்டையில் இறங்கலாம். சைக்கிள்களை லக்கேஜ் வேனில் பதிவு செய்து ஏற்றினோம். இங்கே ஒரு வசதி உண்டு: அந்த ரயிலுக்கு ஜோலார்பேட்டைதான் கடைசி நிறுத்தம். ஆகவே இரண்டு நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடுமோ, நம் பொருள் பெங்களூருக்கே போய்விடுமோ என்ற பதற்றமில்லாமல் நிதானமாக இறக்கிக்கொள்ளலாம். டீரெய்லர் இருக்கும் வலப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு அட்டை கட்டுங்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மலையடிவாரத்து ஊரின் பெயர் பொன்னேரி. இது தெரியாத சென்னைக்காரர்கள் எல்லோரும் மீஞ்சூருக்கு அப்பாலுள்ள பொன்னேரியைத்தான் நினைப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார், நானும் திருத்தவில்லை. மலைச்சாலையில் சைக்கிள் என்று சொல்லியிருந்தால் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரத் தேநீர்க் கடையில் இரண்டு வடையோடு தொடங்கினோம். கடைக்கார அம்மா என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மோட்டார் எங்க இருக்கு?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்புறம் எதுக்கு இந்த வெல?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ஏற்றம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயரையும் கடையெழு வள்ளல்களின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இப்படிப் பெயர் வைத்தவரை நேரில் கண்டால் கும்பிடுவேன். வெறும் எண் பலகையாக இருந்தால் இன்னும் எத்தனை பாக்கி என்று மனம் கடன்காரனைப் போல எண்ணிக்கொண்டே இருக்கும்; பெயர் இருப்பதால் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டுப் போகிற நினைப்பு வந்துவிடுகிறது. தேரையே கொடுத்த பாரியின் பலகையருகில் நின்று, எனக்கு ஒரு கியர் கொடுத்தால் போதுமே என்று நண்பர் புலம்பியதைக் கேட்டபோது, கேசட்டுக்குச் செலவழித்த பணம் அத்தனையும் எனக்குத் திரும்பிவந்த மாதிரி இருந்தது.

சாலை நல்ல தார்ச்சாலை. சரிவு எங்கும் கொடூரமாக இல்லை, ஆனால் விட்டுக்கொடுப்பதும் இல்லை. வளைவின் உட்புறம் செங்குத்தாகவும் வெளிப்புறம் சற்றுத் தணிந்தும் இருப்பதால், எதிரே வண்டி இல்லை என்று உறுதியானால் மட்டும் கொஞ்சம் அகலமாகச் சுற்றிப் போவது நல்லது. மலைச்சாலையில் இறங்குபவர்தான் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. வாடகைக் கார் ஓட்டுநர்கள் சிலருக்கு அந்த விதி சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதில் நம்பிக்கை இல்லை. எட்டாவது வளைவில் தண்ணீர் குடிக்க நின்றபோது ஒரு குரங்கு என் கைப்பிடிப் பையின் ஜிப்பை நிதானமாகத் திறந்து, கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மதில்மேல் போய் உட்கார்ந்தது. இரண்டு பூட்டுகளைச் சுமந்துகொண்டு ஏறிய எனக்கு அது சரியான பாடம். நிற்கும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவில் அத்தனாவூர் வந்து சேர்ந்தோம். ஆயிரத்து நூறு மீட்டர் உயரத்துக் காற்று சட்டையின் வியர்வையைத் தொட்டபோது, செப்டம்பர் மாதத்து நங்கநல்லூர் என்று ஓர் இடம் இருப்பதையே நான் மறந்துபோனேன்.

அந்த மகிழ்ச்சி விடுதியின் வரவேற்பு மேசைவரைதான் நீடித்தது. "ரூமுக்குள்ள வண்டி அலவ் இல்ல சார், கீழ பார்க்கிங்ல விட்டுக்கங்க. இங்க திருட்டு பயமே கிடையாது" என்றார் அங்கிருந்தவர். இந்த வாக்கியத்தை நான் முன்பே ஒருமுறை நம்பியிருக்கிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், காவலாளியின் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில், ஒரு கேபிள் பூட்டைப் போட்டு நிறுத்தியிருந்த என் முதல் ரோடு சைக்கிள் காலையில் இல்லை. அறுந்த கேபிள் மட்டும் பாம்புச்சட்டை போலக் கிடந்தது. காவல் நிலையத்தில் ஃபிரேம் எண் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. "நீல கலர்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதனால் இப்போது எண் மனப்பாடம். பெரும்பாலான சைக்கிள்களில் அது மிதி அச்சு பொருந்தும் இடத்துக்கு அடியில் அழுத்தி எழுதப்பட்டிருக்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மண்ணைத் துடைத்து, ரசீதோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வைப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். கேபிள் பூட்டைக் கையடக்கக் கட்டரால் அறுக்கச் சில நொடிகள் போதும் என்பதால், கனமான யு வடிவப் பூட்டு ஒன்றைப் பின்சக்கரத்தோடும் ஃபிரேமோடும் சேர்த்து அசையாத தூணில் மாட்டுகிறேன். நெம்புகோலைத் திருப்பினால் கழன்றுவரும் முன்சக்கரத்துக்கு மட்டும் கேபிள். ஒன்றரைக் கிலோ எடையைக் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பொழுதுபோக்கில், ஒன்றரைக் கிலோ பூட்டைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது கேலிக்குரியதுதான். கேலி செய்பவர்கள் இன்னும் முதல் வண்டியைத் தொலைக்காதவர்கள்.

விடுதிக்காரரோடு கால் மணி நேரம் பேசினோம். கடைசியில் கழிவறைக் குழாயில் டயர்களைக் கழுவி, எங்கள் துண்டாலேயே துடைத்து, தரையில் பழைய நாளிதழை விரித்து, ஒரு வண்டிக்கு நூறு ரூபாய் "கிளீனிங் சார்ஜ்" கொடுத்த பிறகு அறை திறந்தது. காலையில் அறையைச் சுத்தம் செய்ய யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கி, ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு. 1986இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் வைணு பாப்பு வான் ஆய்வகம் ஜவ்வாது மலைக் காட்டுக்குள் வெள்ளைக் குமிழாகத் தெரிந்தது. பகலில் அதற்குத் தூக்கம், எங்களுக்கும் உள்ளே வேலையில்லை. நான் இந்தப் பக்கம் வந்தது செம்மண் பாதைகளுக்காக. தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் டயரின் காற்றழுத்தத்தை நாற்பது பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கிவிட்டால், 40 மில்லிமீட்டர் டயர் கூழாங்கல்லை உருட்டித் தள்ளாமல் அதன்மேல் அப்பளம்போலப் படிந்து போகிறது. கொள்ளுக் காட்டுக்கும் புளியமரங்களுக்கும் நடுவே அப்படிப் போன ஒரு மணி நேரம், ஏலகிரி ஏற்றத்தைவிட எனக்கு மேலானது என்று கூச்சமில்லாமல் சொல்வேன்.

நண்பரின் 28 மில்லிமீட்டர் டயரை அந்தப் பாதையில் இறக்கியது என் தவறு. முதலில் ஒரு சீமைக் கருவேல முள். ட்யூபை மாற்றினார். டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாற்றியதால் அதே முள்ளின் முறிந்த நுனி புது ட்யூபையும் குத்தியது. ஒட்டுப்போட்டதும் மூன்றாவது பங்க்சர். என் டயருக்குள் இருக்கும் சீலன்ட் திரவம் முள் குத்திய இடத்தில் வெள்ளையாகக் கசிந்து தானே அடைத்துக்கொண்டதை அவரிடம் காட்டியிருக்கக் கூடாது. எங்கள் மாலை ரயில் போய்விட்டது என்பது ஆம்பூருக்குப் பத்து கிலோமீட்டர் முன்பே தெரிந்துவிட்டது.

ரயிலைத் தவறவிட்டவனுக்கு ஆம்பூரில் ஒரே ஆறுதல்தான் உண்டு. நெடுஞ்சாலையில் மின்னும் பெரிய பலகைகளை விட்டுவிட்டு, பஜாருக்குள் விறகடுப்பு எரியும் ஒரு சிறிய கடைக்குப் போனோம். சீரகச் சம்பா அரிசி; காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதின் நிறம் ஏறியிருந்தாலும் காரம் நாக்கின் நுனியில் நிற்காமல் தொண்டைக்குப் போன பிறகுதான் பேசியது. எலும்பிலிருந்து கறி விரல் பட்டதும் நழுவியது. பக்கத்தில் புளிப்பேறிய கத்திரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும். நண்பர் முதல் தட்டை முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, மூன்று பங்க்சரையும் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். பணம் வாங்கும் பெரியவர் நாங்கள் வாசலையே எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "கல்லாவுக்குப் பக்கத்துல சாத்திட்டு வந்து நிம்மதியா துன்னுங்க" என்றார். இந்தப் பயணத்தில் சைக்கிளுக்கு இடம் கொடுத்துப் பணம் கேட்காத ஒரே மனிதர் அவர்தான். நான்கு தட்டு பிரியாணிக்கு ஆன செலவு, பிறகு இரண்டு சைக்கிள்களை டிக்கியில் போட ஆன செலவைவிடக் குறைவு.

இப்போது அந்தப் பேருந்து. புறவழிச்சாலையில் இருட்டில் கையைக் காட்டி நிறுத்தினோம். கிளீனர் எங்களைப் பார்க்காமல் சைக்கிள்களைப் பார்த்து, "வண்டிக்கு அறுநூறு" என்றார். ஆளுக்கு நானூறு ரூபாய் டிக்கெட். இருக்கையில் உட்கார்ந்து குளிர்சாதனக் காற்றை வாங்கப்போகும் மனிதனைவிட, இருட்டுப் பெட்டிக்குள் படுத்துவரும் சைக்கிளுக்கு ஏன் அதிகம் என்று கேட்டேன். "இஷ்டம்னா ஏறுங்க சார், ரைட் போலாம்" என்றார். நாங்கள் ஏறினோம், வேறு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். மேலே எதையும் வைக்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் தலையாட்டினார். அந்த அரிசி மூட்டைகள் எந்த நிறுத்தத்தில் ஏறின என்பதுகூட எனக்குத் தெரியாமல் நான் தூங்கிப்போனதுதான் வருத்தம்.

பூந்தமல்லி விளக்கடியில் பார்த்தபோது ஃபிரேமில் கீறல் மட்டும்தான். ஆனால் மிதித்ததும் பின்சக்கரத்திலிருந்து கிளிக்கென்று ஒரு சத்தம். டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு உள்பக்கமாக வளைந்திருந்தது. ஃபிரேம் உடையாமல் தான் வளைய வேண்டும் என்பதற்காகவே அதை மெலிதாகச் செய்கிறார்கள். தன் கடமையை அது சரியாகச் செய்திருக்கிறது. அதோடு பெரிய பல்லுக்குப் போனால் டீரெய்லர் கம்பிகளுக்குள் சிக்கிச் சக்கரத்தையே நாசமாக்கிவிடும் என்பதால், ஒரே கியரில், மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சாலையில், போரூர், நந்தம்பாக்கம் வழியாக மெதுவாக உருட்டி வந்தேன். நள்ளிரவில் வலப்பக்கம் பரங்கிமலை விளக்குகள் தெரிந்தன. கதிப்பாரா மேம்பாலத்தின் சிறு ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன்.

வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஒன்றாகப் போகிறது. அம்மா சைக்கிளையும் என் சட்டையிலிருந்த செம்மண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொன்னேரிலேர்ந்து வர்றதுக்காடா இவ்ளோ நேரம்?"