11 நொடியும் ஆறு படியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. 82 வயதுப் பாட்டி தனியாக இருக்கிறார், மகன் வளைகுடாவில். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார் என்று மகன் போனில் சொல்ல, பிசியோதெரபிஸ்டான நான் போய்ப் பார்த்தேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, வீட்டுக்கு வந்து பிரஷர் பார்ப்பது ஊருக்குப் பழகிவிட்டது. என்னைக் கண்டதும் பாட்டி கையை நீட்டிவிட்டார்.

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னேன். 12 நொடியைத் தாண்டினால் விழும் ஆபத்து உண்டு என்பது எங்கள் கணக்கு. பாட்டிக்கு 11 நொடி. "இன்னொருக்க நடக்கணுமா மக்ளே?" என்றார். டைல்ஸ் தரை, பட்டப்பகல். 'கைத்தடி வாங்கவும்' என்று எழுதிவிட்டேன்.

சாயா போட அடுக்களைக்குப் போனவரின் பின்னாலேயே போனதால்தான் தப்பித்தேன். கக்கூஸ் வெளியே, விளையில். வெட்டுக்கல்லில் ஆறு படி இறங்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, நிழல் விழுந்த படியில் பாசி எங்கே காயும்? பிடித்துக்கொள்ளத் துணி காயப்போடும் கயிறு மட்டும். இரண்டு தடவையும் விழுந்தது அங்கேதான், ராத்திரியில்.

ராத்திரியில் ஏன் இத்தனை தடவை எழும்புகிறார்? மாத்திரை டப்பாவைக் கொட்டினேன். கால் வீக்கத்துக்கு, நீர் பிரியக் கொடுத்த மாத்திரை. சீட்டில் காலை என்று இருக்கிறது, பாட்டி ராத்திரி போடுகிறார்.

"காலம்பற போட்டா பூசைக்கு நடுவுல எழும்பி ஓடணும். கோயில்ல எல்லாரும் பாக்க மாட்டாவளா?"

படுக்கவைத்துப் பார்த்தால் பிரஷர் 142. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 118. 20 குறைந்தாலே எழும்போது தலைசுற்றி விழலாம், விடக்கூடாது.

மகனிடம் சொன்னேன். அம்மா இனி கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம், பெட்பேன் வைத்து ஆளும் போட்டுவிடுகிறேன் என்றார். பாசம்தான், எனக்குத்தான் எரிச்சல் வந்தது. அந்த வயதில் ஆளைக் கட்டிலோடு கிடத்தினால் தொடையில் இருக்கிற கொஞ்ச பலமும் சில வாரத்தில் போய்விடும். பிறகு நிஜமாகவே ஆள் வேண்டியிருக்கும்.

டாக்டரிடம் பேசினோம். பூசை முடிந்து வந்து பத்து மணிக்கு மாத்திரை போட்டால் போதும் என்றார், பிரஷர் மாத்திரையின் அளவையும் குறைத்தார். பாசியைச் சுரண்டி, படியோரம் ஜிஐ பைப் ஊன்றி, ஒரு பல்பும் மாட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். கைத்தடி கோழி விரட்டிக்கொண்டிருந்தது. புது பைப் முழுக்கத் துணி காய்ந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நடுவுல பிடிக்கதுக்கு எடம் விட்டிருக்கேன் மக்ளே" என்றார். நிஜமாகவே ஒரு சாண் விட்டிருந்தார்.