பூட்டு இல்லாத சூளை

வட மாவட்டம் ஒன்றின் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்தபோது, செங்கல் சூளைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் மீட்டுவரப்படும் இருளர் குடும்பங்களின் வாக்குமூலங்களை எழுதுவதும் என் பொறுப்பில் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்துத்தான், கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்பதற்கான விடுதலைச் சான்றிதழ் வழங்கப்படும். ஆகவே நான் போடும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பது எனக்கு உறைக்கச் சில மாதங்கள் ஆயின.

முதல் முறை நான் கேட்டது, "யாராவது அடைத்து வைத்தார்களா?" என்பதுதான். "இல்லீங்க சார், ஆள் சேர்க்கிற மேஸ்திரிகிட்ட அட்வான்ஸ் வாங்கினோம், நாங்களாத்தான் வந்தோம்" என்றார் பெரியவர் ஒருவர். 'சுய விருப்பத்தின் பேரில் வந்துள்ளனர்' என்று எழுதினேன். அக்குடும்பத்துக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. நான் பொய் எழுதவில்லைதான். கேட்க வேண்டியதைக் கேட்கவும் இல்லை.

பிறகுதான் 1976 ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலை தேடிக்கொள்ளவோ நினைத்த இடத்துக்குப் போய்வரவோ முடியாமலிருந்தால் அதுவே கொத்தடிமை. பூட்டும் சங்கிலியும் இருக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23 ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982 இலேயே கூறியிருந்தது. ஆள் கடத்தலுக்கான, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370 ஆவது பிரிவும், 2013 திருத்தத்துக்குப் பின், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்றே சொன்னது. சட்டம் தள்ளிவைத்த சொல்லைத்தான் நான் தேடிப்பிடித்து எழுதியிருந்தேன்.

அதன்பின் என் கேள்விகள் மாறின. ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, வாரச் செலவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது, ஊருக்குப் போனால் யாரை விட்டுவிட்டுப் போவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெண், தாயின் சாவுக்குப் போனபோது இரு பிள்ளைகளைச் சூளையிலேயே நிறுத்திக்கொண்டார்கள் என்று, ஏதோ வழக்கமான ஏற்பாட்டைச் சொல்வதுபோலச் சொன்னார். கடன் சட்டப்படி ஒழிந்துவிட்டது என்று விளக்கிச் சான்றிதழைக் கொடுத்தபோது, மீதிப் பணத்தை எந்த ஆபீசில் கட்ட வேண்டும் என்று கேட்டார். அவரை நம்பவைக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. நம்பினாரா என்பதும் ஐயமே.

பல குடும்பங்களில் பிள்ளைகள் கல் திருப்பிப் போட்டே வளர்ந்ததால் பள்ளியில் பெயரே இல்லை. சிலரிடம் சாதிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் இல்லை. 2016 ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண்களுக்கு ஒரு லட்சமும் பெண்களுக்கும் சிறாருக்கும் இரண்டு லட்சமும் உண்டு. ஆனால் உடனடி உதவி போக மீதித் தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் வீட்டுக்கு மேஸ்திரியோ ரொக்கத்தோடு வருகிறார்.

அந்தப் பெரியவரின் கோப்பை மறுபடி எடுக்கக் கோட்டாட்சியர் ஒப்புக்கொண்டதும் அவருடைய ஊருக்குப் போனேன். குடிசை சாத்தியிருந்தது. தை பிறந்ததும் குடும்பத்தோடு லாரியில் ஏறிப் போனார்கள் என்றனர் பக்கத்து வீட்டார். சூளை எந்த ஊரில் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.