அவசரமில்லை தம்பி

எங்கள் திருச்சபையின் சேகர அலுவலகத்தில் பதினான்கு வருஷமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். காணிக்கை ரசீது போடுவது, ஞானஸ்நானச் சான்று எழுதிக் கொடுப்பது, கல்யாண ஓலை எத்தனையாவது வாரம் வாசிக்கிறோம் என்று கணக்கு வைப்பது, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளைத் தயார் செய்வது. ஊரில் இதை ஊழியம் என்பார்கள். நான் வேலை என்றே சொல்வேன். ஊழியம் என்று சொல்லிவிட்டால் ஏன் தாமதம் என்று யாரும் வந்து கேட்பதில்லை. அந்தச் சலுகையில் நான் நன்றாகக் குளிர் காய்ந்தவன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்னும் தவக்காலத்தில், ஒரு மார்ச் மாதம், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். டி.வி.எஸ். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய அம்மாவின் பெயர், தாத்தாவின் பெயர், ஊர், கீழே '1920 – 25க்குள் இருக்கலாம்'. சாக்பீஸ் பிடித்த கை, எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது.

"அம்மா கல்லறையில சிமெண்டெல்லாம் பேந்து போச்சு. கிரானைட் போடலாம்னு இருக்கோம். பொறந்த தேதி ஒருத்தருக்கும் தெரியல. நம்ம ரிஜிஸ்டர்ல இருக்கும்லா?"

"இருக்கும் சார். கண்டிப்பா பாக்கேன்."

"கல்லறைத் திருநாளுக்குள்ள கிடைச்சாப் போதும். அவசரமில்லை தம்பி."

காகிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினேன். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 வரை ஏழு மாதத்துக்கு மேல் இருந்தது.

பழைய பதிவேடுகள் ஆராதனைக்கு முன் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அங்கி மாற்றும் அறையில், ஒரு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். தாள்கள் அப்பளம் மாதிரி. சில பக்கங்களில் மை தாளைத் தின்று, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கும். பூச்சி அரித்தது தனி. ஆனாலும் அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பாளையங்கோட்டையில் 1780-இல் சபையார் பெயர்களை எழுதி வைத்தார்கள். பின்னால் அங்கே கோயில் கட்டிய குளோரிந்தா அம்மாளையும் சேர்த்து நாற்பது பேர். யாரோ ஒருவர் அன்றைக்கு உட்கார்ந்து எழுதியதால்தான் இன்றைக்கு நமக்கு அந்த எண்ணிக்கை தெரிகிறது. இதை ஒரு பயிற்சி வகுப்பில் நானே எழுந்து நின்று பேசியிருக்கிறேன். பேசுவது எளிது.

ஏப்ரலில் உயிர்த்தெழுதல் பண்டிகை வேலை. மேயில் விடுமுறை வேதாகமப் பள்ளி. அப்புறம் கன்வென்ஷன் நோட்டீஸ், அசன விருந்துக்கு நன்கொடைப் பட்டியல், தேங்காய்க் கணக்கு. ஒன்றும் வெட்டிவேலை இல்லை, எல்லாம் தேவன் காரியம்தான். வாத்தியாரை ஞாயிறுதோறும் கோயிலில் பார்ப்பேன். முதலில் "இந்த வாரம் பாத்துருவேன் சார்" என்றேன். ஆகஸ்டில் "கர்த்தருக்குச் சித்தமானா அடுத்த வாரம்" என்றேன். செப்டம்பருக்குப் பிறகு பக்கத்து வாசல் வழியாக வெளியே போகப் பழகிக்கொண்டேன். அவர் ஒரு தடவைகூட என்னைக் கடிந்து பேசவில்லை.

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். எறும்பினிடத்தில் போ என்று வசனமும் தயாராக இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் நான் எறும்பு மாதிரிதான் உழைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு வேலையைத் தவிர. உள்ளே இருந்தது பயம். அந்தப் பக்கம் அரித்துப் போயிருந்தால்? பெயரே இல்லாவிட்டால்? எழுபத்தைந்து வயது மனிதரிடம் 'உங்க அம்மா எங்க ரிஜிஸ்டர்ல இல்லை' என்று எந்த முகத்தோடு சொல்வது? தேடாதவரைக்கும் அந்தப் பெயர் அங்கே இருந்தது. தேடினால்தானே ஆபத்து.

ஒருநாள் டீ குடிக்கும்போது எங்கள் ஐயர் எவாக்ரியுஸ் என்ற துறவியைப் பற்றிச் சொன்னார். நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் இருந்தவர். துறவிகளை நடுப்பகலில் பிடிக்கும் ஒரு பிசாசைப் பற்றி எழுதியிருக்கிறாராம். அது பிடித்தால் பொழுதே நகராது, ஒரு நாள் ஐம்பது மணி நேரம்போல இருக்கும், துறவி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார், சாப்பாட்டு நேரம் ஆச்சா என்று வெளியே வந்து சூரியனைப் பார்ப்பார். 91-ஆம் சங்கீதத்தில் 'மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்' என்று வருகிறதே, அதைத்தான் அவர்கள் இப்படிப் புரிந்துகொண்டார்களாம். அவருக்குப் பின்வந்த காசியன் இன்னும் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். அந்தப் பிசாசு துறவியைத் தூங்கு என்று மட்டும் சொல்வதில்லை. 'போய் நோயாளிகளைப் பார்த்து வாயேன், ஆதரவில்லாத அந்தப் பக்தியுள்ள பெண்ணுக்கு உதவி செய்யேன்' என்றும் சொல்லுமாம். கையில் இருக்கிற வேலையை விட்டு எழுந்தால் போதும், அதற்கு. ஐயர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு டீ இறங்கவில்லை. அன்று காலையில்தான் அசனத்துக்கு வாங்கின தேங்காயை மூன்றாவது தடவையாக எண்ணிவிட்டு வந்திருந்தேன்.

அப்படியும் தேடவில்லை. தெரிந்துகொண்ட அன்றே திருந்திவிடுவது சாட்சிக் கூட்டத்தில்தான் நடக்கும்.

நவம்பர் 2. செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்திப் பாக்கெட்டுமாக அப்பா கல்லறைக்குப் போனேன். மூன்று வரிசை தள்ளி, புதுக் கருப்புக் கிரானைட் வெயிலில் முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. அம்மாவின் பெயர், ஒரு சிலுவை, கீழே 'மறைவு' என்று தேதி. அதற்கு மேலே 'தோற்றம்' என்று வெட்டி, இரண்டு புள்ளி வைத்து, அப்புறம் வெறும் கல். பேரப்பிள்ளைகள் அந்த வெற்றிடத்தில் மெழுகுவர்த்தியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் காற்றுக்கு அணைந்த மெழுகுவர்த்தியைப் பற்றவைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு பீரோவைத் திறந்தேன். எட்டு ஐம்பதுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 1923. அரிப்பு இல்லை, ஓட்டை இல்லை. பிறந்த தேதி, ஆறு வாரம் கழித்து ஞானஸ்நானம், தகப்பன் தொழில் 'பனையேற்று'. இருபது நிமிஷ வேலையை எட்டு மாதம் சுமந்திருக்கிறேன்.

'கர்த்தருக்குச் சித்தமானா' என்று நான் சொன்னது எங்கிருந்து வந்தது என்று அன்று மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். யாக்கோபு 4-ஆம் அதிகாரம். நாளைக்கு இன்ன ஊருக்குப் போவோம், சம்பாதிப்போம் என்று வீம்பு பேசுகிறவர்களிடம், 'நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே' என்று சொல்லிவிட்டு, ஆண்டவருக்குச் சித்தமானால் என்று பேசச் சொல்கிறார். இரண்டே வசனம் தள்ளி, 'ஒருவன் நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்.' நாளையை நம்பாதே என்று கொடுத்த வார்த்தையை, நாளைக்குத் தள்ளிப்போட நான் எடுத்து வைத்திருந்தேன். 'ஜெபிச்சுட்டுச் சொல்றேன்', 'தேவன் சமயம் வரட்டும்' எல்லாம் நம்மிடையே பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கின்றன என்பது என் அபிப்பிராயம். ஜெபிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கோயிலில் பழைய முறைமைப்படி ஆராதனை நடக்கும் நாட்களில் சொல்லும் பாவ அறிக்கையிலும், செய்யாமல் விட்டதுதான் முதலில் வருகிறது. செய்த பாவம் அதற்குப் பிறகுதான். இத்தனை வருஷம் வாய் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது, காது கவனிக்கவில்லை.

சாயங்காலம் சான்றை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு விரலை வரியில் ஓட்டினார். தேதியைத் தாண்டி, தொழில் என்ற இடத்தில் விரல் நின்றது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "ஏட்டி, தாத்தா பனையேறின விஷயத்தையும் எழுதி வச்சிருக்காங்க பாரு." நான் தயார் செய்த வாக்கியத்தில் பாதிதான் வெளியே வந்தது. அவர் அதைக் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. கல் பதித்தாகிவிட்டதால் ஆள் வந்து அங்கேயே உளி வைத்துக் கொத்த வேண்டும், வந்துபோகிற கூலி தனி என்றார். நான் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

இப்போது யார் எதைக் கேட்டாலும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுகிறேன். காலையில் வாட்ஸ்அப் திறப்பதற்கு முன் அதில் பழையது எதுவோ அதை முதலில் எடுக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் தவறுகிறது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் எதையும் செருகுவதில்லை.

அடுத்த தை மாதம் வாத்தியார் மறுபடி வந்தார். இந்த முறை அவருடைய அப்பா பெயர். "அவசரமில்லை தம்பி."

"உக்காருங்க சார்" என்று பீரோச் சாவியை எடுத்தேன். நாற்பது நிமிஷம், மூன்று பதிவேடு. முந்தின வருஷம் பார்த்தேன், பிந்தின வருஷம் பார்த்தேன். இல்லை. தூசிக் கையோடு வந்து நின்று, இல்லை சார் என்றேன்.

"இல்லையா? சரி. அவங்க பூர்வீகம் நாசரேத்துப் பக்கம். அது எஸ்.பி.ஜி. மிஷன் சபை, நம்மது சி.எம்.எஸ். மிஷன். நாம சி.எம்.எஸ். ரிஜிஸ்டர்ல தேடிக்கிட்டு இருக்கோம் பாருங்க" என்று எழுந்தார். "அங்க போய்க் கேக்கேன்."

வேப்பமரத்தடியில் வண்டி மூன்றாவது மிதிக்குத்தான் கிளம்பியது.