பரீட்சை முடிந்த பிறகு தொடங்குவது

சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு நியூயார்க் வந்தவள் நான். இப்போது குவீன்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் சோஷியல் வொர்க்கர். அமெரிக்கா வரப்போகும் ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, லைசென்ஸ் பரீட்சை ரொம்பக் கஷ்டமா?" அவர்கள் பரீட்சையைக் கேட்கிறார்கள், நான் சூப்பர்விஷனைப் பற்றி, அதாவது மூத்தவர் ஒருவர் நம் வேலையை மேற்பார்வை செய்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.

சரி, முதலில் விதிகள். இங்கே லைசென்ஸ் தருவது மாநில அரசு. நியூயார்க்கில் 2004 செப்டம்பரிலிருந்து இரண்டு படிகள் உண்டு. முதல் படி எல்.எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலை முடித்தவருக்கான லைசென்ஸ்), அதற்கு மேலே எல்.சி.எஸ்.டபிள்யூ. (தனியாகச் சிகிச்சை தருவதற்கான கிளினிகல் லைசென்ஸ்). முதல் படிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், குறைந்தது 60 கிரெடிட் கொண்ட எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் வேண்டும், அந்தப் படிப்புக்குள் 900 மணி நேரக் களப்பணி இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமையை அடையாளம் கண்டு புகார் செய்வது பற்றி ஒரு வகுப்பு. அப்புறம் ஏ.எஸ்.டபிள்யூ.பி. என்ற, லைசென்ஸ் தரும் வாரியங்களின் சங்கம் நடத்தும் மாஸ்டர்ஸ் தேர்வு. லைசென்ஸ் வாங்கிய பிறகும் 3 வருடத்துக்கு ஒருமுறை 36 மணி நேரம் தொடர் கல்வி கணக்குக் காட்ட வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட சமூகப் பணிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சி.எஸ்.டபிள்யூ.ஈ. என்ற அமைப்பில் தனிப் பிரிவே இருக்கிறது. என்னை அலைய வைத்தது களப்பணிக் கணக்குதான். வாரத்தில் இரண்டு நாள் குடிசைப் பகுதிக்கும் அரசு மருத்துவமனைக்கும் போனோம், ரிப்போர்ட் எழுதினோம், ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். அதை மணி நேரமாக யாரும் கூட்டி வைக்கவில்லை. இதைப் படிக்கும் மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறும் முன்பே, எந்த நிறுவனம், எந்த வேலை, எத்தனை மணி நேரம், வழிகாட்டியவர் யார் என்று கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டிய பிறகு அதை வாங்குவது பெரும்பாடு.

பரீட்சைக்கு வருகிறேன். நான் எழுதியபோது 170 கேள்விகள், 4 மணி நேரம். அதில் 150-க்குத்தான் மதிப்பெண். மனப்பாடம் அதிகம் உதவாது. ஒரு சூழ்நிலையைச் சொல்லி, "சோஷியல் வொர்க்கர் முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பார்கள். நான்கு விடைகளுமே செய்ய வேண்டியவையாகத்தான் தெரியும். எது முதலில் என்பதில்தான் கேள்வியே. உயிருக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பது முன்னால், ஆலோசனை சொல்வது பின்னால் என்று அந்த வரிசை மனதில் படிந்துவிட்டால் பயம் போய்விடும்.

ஆனாலும் இந்தத் தேர்வு ஒருவரின் தகுதியை அளக்கிறது என்று என்னால் முழுமனதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏ.எஸ்.டபிள்யூ.பி. 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி, மேல் படிக்கான கிளினிகல் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் வெள்ளையர்களில் சுமார் 84 சதவீதம், கறுப்பினத்தவரில் 45 சதவீதம். ஒரே மாதிரி கல்லூரிகளில் ஒரே பட்டம் வாங்கியவர்களுக்குள் இவ்வளவு இடைவெளி என்றால், குறையைத் தேர்விலும்தான் தேட வேண்டும். இல்லினாய் மாநிலம் 2022-லிருந்து முதல்படி லைசென்ஸுக்குத் தேர்வையே எடுத்துவிட்டது. நல்ல முடிவு என்பேன்.

எடுக்கவே கூடாதது சூப்பர்விஷன். எல்.எம்.எஸ்.டபிள்யூ. உள்ளவர் நியூயார்க்கில் மனநோயைக் கண்டறிந்து சொல்வதையும் உளவியல் சிகிச்சையையும் தனியாகச் செய்யக் கூடாது. எல்.சி.எஸ்.டபிள்யூ. ஒருவரோ உளவியலாளரோ மனநல மருத்துவரோ மேற்பார்வை செய்ய வேண்டும். மேல் படிக்குப் போக, குறைந்தது 3 வருட அனுபவம், நோயாளிகளோடு நேரடியாக 2000 மணி நேரம், சூப்பர்விஷன் 100 மணி நேரம்.

அந்த மணி நேரங்களில் என்ன நடக்கும்? யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். சிறுநீரகம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது, டயாலிசிஸ் தேவை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இவை என்ன சொல்லினம்?" என்றார். வெளியே நின்ற மகன், "தங்கச்சி, அம்மாவுக்கு இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றார். மருத்துவ விஷயத்தைத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. நான் தமிழச்சி என்பதால் மட்டும் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. ஆனால் அந்தக் கை என் கையை விடவில்லை.

அந்த வாரம் சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னேன். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "மகனுக்கு வேண்டியது என்னவென்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று யார் கேட்டீர்கள்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதே நிலையில் ஒரு வங்காள அம்மா இருந்தால் நீ எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாய்?" என்று கேட்டார். இரண்டாவது கேள்வி இன்றும் என்னோடு வார்டுக்கு வருகிறது. மறுநாள் டாக்டரும் நானும் போனில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, மகன் பக்கத்தில் இருக்கவே, அம்மாவிடம் கேட்டோம். "எனக்குச் சொல்லுங்கோ. அவனுக்கு நான் சொல்லுறன்" என்றார்.

இந்தியாவில் என் வகுப்புத் தோழிகள் பலர் குழந்தைகள் நலத்திலும் மனநலத்திலும் என்னைவிடக் கடினமான வேலை பார்க்கிறார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப் பணியாளருக்கு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் மேற்பார்வையோடு கூடிய 2 வருட எம்.ஃபில். கேட்கிறது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் மருத்துவ சமூகப் பணியாளரும் இருக்கிறார். இவர்களுக்கான தொழில் பதிவு வரட்டும், வரவேற்கிறேன். அதோடு, வேலையில் சேர்ந்த முதல் சில வருடங்களுக்காவது வாரம் ஒரு மணி நேரம் ஒரு மூத்தவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பதும் விதியாக வேண்டும். இப்போது என் தோழி ஒருத்தி இரவு பத்து மணிக்கு, பெயர், ஊர் எதுவும் சொல்லாமல், தன் கேஸை என்னிடம் கொட்டுகிறாள். சம்பளத்துக்குள் நடக்க வேண்டிய வேலை அது.

ஜூனியர்களுக்கு ஒன்று. இங்கே வேலைக்கான கடிதம் வந்ததும் சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் கேளுங்கள்: சூப்பர்வைசர் யார், அவரிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது, சூப்பர்விஷன் வேலை நேரத்துக்குள்ளா வெளியிலா? தகுதி உள்ளவர் மேற்பார்வை செய்யாவிட்டால், நீங்கள் உழைத்த மணி நேரம் எல்.சி.எஸ்.டபிள்யூ. கணக்கில் சேராது. பதிலை எழுத்தில் வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.