தாயும் மகனும் பேசும் ஒரு ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்

ஸ்காட்லாந்தின் பழைய கதைப்பாடல்களில் என்னை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது 'எட்வர்ட்'. உன் வாளில் ஏன் இரத்தம் வடிகிறது என்று தாய் கேட்கிறாள். என் வல்லூற்றைக் கொன்றுவிட்டேன் என்கிறான் மகன். வல்லூற்றின் இரத்தம் இவ்வளவு சிவப்பாக இராதே என்கிறாள். குதிரையைக் கொன்றேன் என்கிறான். அது கிழட்டுக் குதிரை, உன்னிடம் வேறு குதிரைகளும் உண்டே என்று மடக்குகிறாள். மூன்றாவது முறை, தந்தையைக் கொன்றதைச் சொல்லிவிடுகிறான். மனைவி மக்களுக்கு எதை விட்டுச் செல்கிறாய் என்ற கேள்விக்கு, பிச்சையெடுத்துப் பிழைக்க உலகம் பரந்து கிடக்கிறது என்பது பதில். தாய்க்கு அவன் விட்டுச் செல்வதோ நரகத்தின் சாபம். ஏனென்றால் கொலைக்கு யோசனை சொன்னவளே அவள்தான். கதை சொல்பவர் என்று எவரும் குறுக்கிடாமல், கேள்வியும் பதிலுமாகவே நகர்ந்து, கடைசி அடியில் வந்து வெடிக்கும் இந்தக் கட்டுக்கோப்புக்கு இணையாக வேறொன்றை நான் வாசித்ததில்லை.

இந்தப் பாடல் வடிவம் 1765-இல் தாமஸ் பெர்சியின் பழம்பாடல் தொகுப்பில் லண்டனில் அச்சேறியது. அதை அவருக்கு அனுப்பியவர் ஸ்காட்லாந்து நீதிபதி ஹெய்ல்ஸ் பிரபு. படித்தவர் ஒருவரின் கை இதில் பட்டிருக்கக்கூடும் என்ற ஐயம் ஆய்வாளர்களிடம் உண்டு. ஜெர்மனியில் எழுத்தாளர் ஹெர்டர் இதை மொழிபெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்புக்குக் கார்ல் லோவே இசையமைத்தார். 1854-இல் இளைஞரான இசையமைப்பாளர் பிராம்ஸ் சொற்களே இல்லாத பியானோ இசையாக அதை மாற்றினார்.

அச்சில் ஏறுவது பாட்டுக்கு நல்லதா? எழுத்தாளர் வால்டர் ஸ்காட், ஸ்காட்லாந்தின் தென் எல்லைப்புறப் பாடல்களைத் திரட்டி 1802-இல் வெளியிடத் தொடங்கியபோது, எட்ரிக் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மார்கரெட் லெய்ட்லா அவரிடம் நேராகவே முறையிட்டதாக மார்கரெட்டின் மகன், கவிஞர் ஜேம்ஸ் ஹாக், எழுதியிருக்கிறார். இவை பாடுவதற்காக உண்டானவை, படிப்பதற்காக அல்ல. நீங்கள் அவற்றைக் கெடுத்துவிட்டீர்கள், இனி யாரும் பாடப்போவதில்லை என்றாராம் அந்தத் தாய். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் பாட்டு நிற்கவில்லை.

1951-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் சார்பில் ஒலிப்பதிவுக் கருவியுடன் ஊர் ஊராகச் சென்ற ஹேமிஷ் ஹென்டர்சன், 1953-இல் அபர்டீன் நகரில் ஜீனி ராபர்ட்சனைச் சந்தித்தார். ஊர் ஊராகப் பெயர்ந்து வாழும் டிராவலர் சமூகத்தில் 1908-இல் பிறந்த ஜீனி, தம் தாயிடமிருந்து கேட்டுக் கற்ற பாடல்களைப் பாடினார். அவற்றுள் ஒன்றான 'சன் டேவிட்', எட்வர்டின் இன்னொரு வடிவம். இதில் மகன் கொன்றதாகச் சொல்வது: முதலில் சாம்பல் நிறப் பெண்குதிரை, பிறகு வேட்டைநாய், கடைசியில் உடன்பிறந்த ஜான். அத்தனைக்கும் மகன் சொல்லும் காரணம் ஒன்றே: எனக்கு அடங்கவில்லை. அடியில்லாத படகில் ஏறிப் போகிறேன் என்பவனிடம் எப்போது திரும்புவாய் என்று தாய் கேட்க, சூரியனும் நிலவும் அந்தப் பள்ளத்தாக்கில் சந்திக்கும்போது என்கிறான். சாபத்தைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் உலுக்குகிறது. ஜீனி இதை அவசரமின்றி, பக்கவாத்தியம் ஏதுமின்றி, ஒவ்வொரு அடியையும் அதன் முழு நீளத்துக்கு விட்டுப் பாடுகிறார். தாயின் குரலுக்கும் மகனின் குரலுக்கும் வேறுபாடு காட்டி நடிப்பதில்லை.

அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல்களின் பெருந்தொகுப்பில் எட்வர்டின் எண் 13. அதற்கு முந்தைய 12-ஆம் பாடலான 'லார்ட் ராண்டலும்' தாய் கேட்க மகன் பதில் சொல்வதுதான். 1960-களில் பாப் டிலன் எழுதிய புகழ்பெற்ற பாடல் ஒன்று அதன் கேள்வி-பதில் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது.

ஜீனி 1975-இல் மறைந்தார். அவருடைய மகள் லிஸ்ஸி ஹிக்கின்ஸும் பாடகியானார். தந்தை பேக்பைப் என்ற, பை பொருத்திய ஊதுகருவியை வாசிப்பவர் என்பதால், தாயிடம் கற்ற பாடல்களைப் பாடும்போதும் அந்தக் கருவிக்குரிய நுண்ணிய அசைவுகள் லிஸ்ஸியின் குரலில் கேட்கின்றன.